அந்நியருக்குப் பிணை நின்ற போதகர்: டேவிட் டேவ்ஸ்

கேள்வி: பள்ளிக்கும் சபைக்கும் வாழ்நாளைக் கொடுத்த, நம்மிடையே அதிகம் பேசப்படாத கிறிஸ்தவப் போதகர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

டேவிட் டேவ்ஸ் என்பவரைச் சொல்வேன். கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தின் ராஸ்தெர்ன் என்ற சிற்றூரில் மெனோனைட் சபையின் மூப்பராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1870இல் பிறந்து 1947இல் மறைந்தார். நான் சஸ்கட்டூனில் ஆசிரியராக வேலை பார்க்கிறேன். ராஸ்தெர்ன் இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணம்தான். அந்த ஊருக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க மரியாதை கூடிக்கொண்டே போனது.

மெனோனைட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம், கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று நின்றவர்களின் வழிவந்தவர்கள். மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்கும், அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசுக்கும் போனவர்கள் ஒரு பிரிவினர். டேவ்ஸ் அந்தப் பிரிவில், வோல்கா நதிப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் பிறந்தார்.

அவருடைய சிறுவயதே ஒரு நெடும்பயணம். கிளாஸ் எப் என்பவர், கிறிஸ்து கிழக்கே வரப்போகிறார், அங்கே போய்க் காத்திருப்போம் என்று போதித்தார். அதை நம்பி 1880 வாக்கில் வண்டி கட்டிக்கொண்டு மத்திய ஆசியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்களில் டேவ்ஸின் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்குப் பத்து வயது. புகாராவிலும் கீவாவிலும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நோய், கொள்ளை, நிலையான இடமின்மை. கடைசியில் அவருடைய பெற்றோர் மனம் மாறி, 1884இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பதினான்கு வயதுக்குள் இத்தனை எல்லைகளைக் கடந்த பிள்ளை, பின்னாளில் எல்லையில் தவித்தவர்களுக்காக அப்படி உழைத்ததில் எனக்கு வியப்பில்லை.

கான்சாஸில் எச். எச். எவர்ட் என்ற நல்லாசிரியரிடம் படித்தார். எவர்ட் கனடாவின் மானிடோபாவுக்குப் போய் ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் இறங்கியபோது, 1893இல் மாணவரையும் அழைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் டேவ்ஸ் ராஸ்தெர்ன் பக்கம் வந்து சேர்ந்தார். 1901இல் போதகராகவும் 1913இல் மூப்பராகவும் பொறுப்பேற்றார். அக்காலத்து மெனோனைட் போதகருக்குச் சம்பளம் கிடையாது. சபையார் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் தன் பிழைப்பையும் பார்த்துக்கொண்டு ஊழியமும் செய்ய வேண்டும். ஞானஸ்நானம் கொடுப்பதும் திருவிருந்து நடத்துவதும் மூப்பரின் வேலை. அவருடைய சபை பல ஊர்களில் கூடியது. ஒவ்வொன்றுக்கும் அவரே போக வேண்டும்.

பள்ளி விஷயத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் மேற்கு மாகாணங்கள் ஆங்கிலப் பள்ளியைக் கட்டாயமாக்கின. ஜெர்மன் மொழியில் வேதாகமமும் பாட்டும் கற்ற சமூகத்துக்கு அது பேரிடி. பழமையில் ஊன்றிய மெனோனைட்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தை விற்றுவிட்டு 1922 முதல் மெக்சிகோவுக்கு ரயிலேறினார்கள். டேவ்ஸ் அதற்கும் முன்பே, 1905இலேயே, வேறு வழியைத் தேர்ந்துவிட்டார். ராஸ்தெர்னில் ஜெர்மன்-ஆங்கில அகாடமி என்ற பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றார். சில ஆண்டுகள் அதன் முதல்வராகவும் இருந்தார். பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும், ஆனால் சொந்தச் சமூகத்து ஆசிரியரிடமே படிக்கட்டும். அதற்கு முதலில் ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்பதே திட்டம். பணமில்லாமல் அந்தப் பள்ளி தள்ளாடிய காலங்கள் உண்டு. இன்றும் அது ராஸ்தெர்ன் ஜூனியர் காலேஜ் என்ற பெயரில் நடக்கிறது. பழைய கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஓர் ஆசிரியனாக எனக்கு அந்தத் தொலைநோக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

இனி, தலைப்பில் சொன்ன பிணைக்கு, அதற்காக அவர் போட்ட கையெழுத்துக்கு வருகிறேன்.

1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்ய மெனோனைட் கிராமங்கள் நரகமாகின. உள்நாட்டுப் போர், மக்னோ என்ற அராஜகவாதத் தலைவரின் படையினர் செய்த படுகொலைகள், டைபஸ் காய்ச்சல், பின்னர் 1921-22 பஞ்சம். தப்பி வரலாம் என்றால் கனடாவின் கதவு அடைத்திருந்தது. மெனோனைட்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று 1919இல் கனடா அரசு ஆணை போட்டிருந்தது. மெனோனைட் தூதுக்குழு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மெக்கன்சி கிங்கைச் சந்தித்துப் பேசியது. அவர் பிரதமரானதும் 1922 ஜூனில் ஆணை விலகியது. ஆனால் கப்பலுக்கும் ரயிலுக்கும் பணம்? வரவேண்டியவர்களோ எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள்.

கனடியன் பசிபிக் ரயில்வே கடனுக்கு ஏற்றிவரச் சம்மதித்தது. நாட்டின் மேற்கில் அந்த நிறுவனத்துக்கு விற்காமல் கிடந்த நிலங்கள் இருந்தன, உழுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். குடியேற்றப் பிரிவின் தலைவர் கர்னல் டென்னிஸுக்கு மெனோனைட்களின் நாணயத்தில் நம்பிக்கை இருந்தது. 1870களில் மானிடோபாவுக்கு வந்தவர்கள் அரசிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டியவர்கள் அல்லவா? கனடா மெனோனைட் குடியேற்ற வாரியத்தின் தலைவர் என்ற முறையில் டேவ்ஸ், அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்று, 1922இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதே என்று நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! வேதாகமத்தின் நீதிமொழிகளும் அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் பாடுபடுவான் என்றே எச்சரிக்கின்றன. ஒரு மூப்பருக்கு அந்த வசனம் தெரியாமல் இருந்திருக்காது. கனடா மெனோனைட்களிலேயே பலர் கொதித்தார்கள். யாரோ வாங்கும் கடனுக்குத் தங்கள் பண்ணைகள் ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் டேவ்ஸ் பின்வாங்கவில்லை.

1923 ஜூலை 21ஆம் தேதி முதல் கூட்டம் ராஸ்தெர்ன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. உலரச் சுட்ட சுவீபாக் ரொட்டிகளை வழியுணவாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள். லாட்விய எல்லையைத் தாண்டி, லீபாவ் துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்து வழியாகக் கியூபெக்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் நாட்டின் பாதியைக் கடந்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்து மெனோனைட்கள் வண்டிகளோடு வந்து காத்திருந்து, ஆளுக்கு ஒரு குடும்பமாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்த நிலையம் இன்று கலை மையமாக இருக்கிறது. சிறிய கட்டடம்தான், அத்தனை பேர் அந்த மேடையில் எப்படி நின்றார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கண் நோயான டிரக்கோமா இருந்தவர்களை மருத்துவர்கள் ஜெர்மனியிலும் சவுத்ஹாம்டனிலும் நிறுத்திவைத்ததால் பல குடும்பங்கள் பிரிந்தே வந்தன.

1930க்குள் வந்தவர்கள் சுமார் 20,000 பேர். பெரும்பாலோர் கடனில் வந்தவர்கள். மொத்தக் கடன் 17 லட்சம் டாலருக்கு மேல், அதன்மேல் வட்டி. வாரியம் குடும்பவாரியாக வைத்திருந்த பதிவு அட்டைகள் இப்போது வினிபெக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வந்த நாள், ஒப்பந்த எண் என்று வரிசையாகப் போகும். ஒவ்வோர் அட்டையும் ஒரு கடன் கணக்கும்கூட. அவற்றைப் பார்க்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். அகதிகளாக வந்த பெற்றோர் சிலர், விமான டிக்கெட்டுக்கு அரசு கொடுத்த கடனை இன்றும் மாதாமாதம் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடனை அடைத்த விதம்தான் எனக்கு இந்த வாழ்க்கையின் மையம். 1930களில் பொருளாதார மந்தநிலை, வறட்சி, வயலைத் தூக்கிக்கொண்டு போன புழுதிக்காற்று, அடிமாட்டு விலைக்குக் கோதுமை. கட்ட முடியாதவர்களும் உண்டு, கட்ட மனமில்லாதவர்களும் உண்டு. சி. எஃப். கிளாசன் என்பவர் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்த் தவணை வசூலித்தார். இளம்பெண்கள் நகரங்களில் வசதியானவர்களின் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து, கூலியைக் கடனுக்குக் கட்டினார்கள். அவர்கள் ஓய்வு நாளில் கூடவும் பாதுகாப்பாகத் தங்கவும் சஸ்கட்டூனிலும் வினிபெக்கிலும் சபை இல்லங்களை நடத்தியது. இந்தக் கடனின் பெரும் பாரத்தைத் தோளில் சுமந்தவர்கள் அந்தப் பெண்களே என்பது என் கருத்து. டேவ்ஸைப் புகழும்போது அவர்களையும் சேர்த்தே புகழ வேண்டும்.

அவருக்கு நேர்ந்த இழப்புகளும் சிறியவை அல்ல. 1926இல் அவருடைய வீடு தீக்கிரையானது. ஒரு மகளை அந்தத் தீயில் பறிகொடுத்தார். அதற்குப் பிறகும் வாரியத்தின் தலைமையை விடவில்லை.

1929 இலையுதிர் காலத்தில் வெளியேறும் அனுமதி கேட்டுச் சுமார் 13,000 பேர் மாஸ்கோவின் புறநகர்களில் வந்து குவிந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மெனோனைட்கள். டேவ்ஸ் அதிகாரிகளிடம் மன்றாடினார். சஸ்காட்செவன் அரசு மறுத்தது. மாகாணங்களின் சம்மதமின்றி ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசு அசையவில்லை. ஜெர்மனி ஏற்றுக்கொண்டது சுமார் 5,700 பேரை மட்டும். மற்றவர்களைச் சோவியத் காவல்துறை ரயில் பெட்டிகளில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. பலர் சைபீரியாவுக்குப் போனார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குடியேறியவர்கள் போதும் என்று ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் அந்த ரயில்களில் இருந்தார்கள்.

ரயில்வே நிறுவனம் காலப்போக்கில் 10 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதை மறக்காமல் சொல்ல வேண்டும். 1946 நவம்பரில் கடன் முழுவதும் அடைபட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. டேவ்ஸ் உடல் தளர்ந்திருந்தாலும் அந்தச் செய்தியை உயிரோடு இருந்து கேட்டார். 1947 பிப்ரவரி 25 அன்று காலமானார்.

அவருக்குப் பின் வாரியத்தை நடத்தியவர் சஸ்கட்டூன் போதகர் ஜே. ஜே. தீசன். இரண்டாம் உலகப் போரில் ஊரிழந்து ஜெர்மனி முகாம்களில் கிடந்த மெனோனைட்களைக் கொண்டுவரும் வேலை அப்போது தொடங்கியிருந்தது. பழைய கடன் தீர்ந்திருந்ததால் ரயில்வேயிடம் மறுபடியும் போய் நிற்க முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 8,000 பேர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.