இசட்51 கார்வெட்னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

அமெரிக்காவுல இருக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "2015 கார்வெட் ஸ்டிங்ரே ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், இசட்51 பேக்கேஜ் இருக்குன்னு சொல்லி விக்கறவர் கூடுதலா கேக்கறார், 1984-லேர்ந்து வர்ற அதே பேக்கேஜ்தானாம், குடுக்கலாமா?"

இசட்51-ங்கறது ஷெவர்லேவோட கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு கூடுதல் காசு குடுத்தா வர்ற, வேகமா ஓட்டறதுக்கான சாமான் தொகுப்பு. அதே பேக்கேஜ்ங்கறது முதல்லயே தப்பு சார். 1984-ல இசட்51-ன்னா முக்கியமா கட்டியான சஸ்பென்ஷன், குலுக்கல் தாங்காம அடுத்த வருஷமே ஸ்பிரிங்கை மெதுவாக்கினாங்க. 2005-ல பெரிய ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க், கூலர், வேற கியர் ரேஷியோன்னு மாறுச்சு, 2010-ல அந்த இடத்துக்கு கிராண்ட் ஸ்போர்ட்ங்கற தனி கார்வெட் மாடல் வந்துருச்சு. உங்க வண்டி சி7, அதாவது ஏழாம் தலைமுறை கார்வெட், அதுல விஷயம் ஆயில்ல இருக்கு. சாதா ஸ்டிங்ரேல ஆயில் இன்ஜினுக்கு அடியில தட்டுலயே கிடக்கும், வேகமா வளைச்சா ஒரு பக்கமா ஓடி பம்ப் காத்தை உறிஞ்சிரும். இசட்51-ல ஆயிலுக்குன்னு தனி டாங்க், அதான் டிரை சம்ப். அதோட பின் வீல் ரெண்டுக்கும் சக்தியை பிரிச்சு குடுக்கற எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல், முன்னாடி 320-க்கு பதிலா 345 மி.மீ. பிரேக் டிஸ்க்.

அதனால பானட்டை திறந்து டாங்க்கை கண்ணால பாருங்க. இசட்51-ல பின்னாடி ஸ்பாய்லர்னு ஒரு சின்ன இறக்கை வரும், அதை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, அதை தனியா வாங்கி ஒட்டறதுதான் இந்த புரோக்கர் கூட்டம் பண்ற வேலையே. நான் பாத்த ஒரு சிவப்பு வண்டியில ஸ்பாய்லர் ஓரத்துல டேப் பிதுங்கிட்டு இருந்துச்சு, பெரிய வீலும் மாட்டிருந்தாங்க, உள்ள டாங்க்கே இல்ல!

ஒரு விதிவிலக்கு, இதுல நிறைய பேர் குழம்பறாங்க. 2017-ல வந்த சி7 கிராண்ட் ஸ்போர்ட்லயும் டிரை சம்ப் உண்டு, ஆனா அது இசட்51 கிடையாது, தனி மாடல், பாடி அகலம். டாங்க் இருந்தா இசட்51-தான்னு முடிவு கட்டிராதீங்க, உங்களுது 2015 ஸ்டிங்ரேங்கறதால அந்த குழப்பம் இல்ல. 2020-லேர்ந்து வர்ற அடுத்த தலைமுறை சி8-ல எல்லா வண்டிக்கும் டிரை சம்ப், அங்க இந்த சோதனையே செல்லாது. ஒரே பேரை இத்தன வருஷமா வேற வேற சாமானுக்கு ஒட்டிட்டே வந்தா வாங்கறவன் என்னதான் பண்ணுவான்? வண்டி யாரோடதுன்னு காட்டற டைட்டில் பேப்பர்லயும் பேக்கேஜ் பத்தி ஒரு வரி கிடையாது.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள எண்ணான விஐஎன் நம்பரை எடுத்துட்டு ஏதாவது ஷெவர்லே டீலர் சர்வீஸ் கவுண்டருக்கு போயி பில்ட் ஷீட் (வண்டியில கம்பெனியிலயே என்னென்ன போட்டாங்கங்கற பட்டியல்) கேளுங்க, அதுல இசட்51 கோடு இருக்கணும். விக்கறவர் நம்பர் தர தயங்கினா அந்த வண்டியே வேணாம்.