சூடானால் எடுக்க மறுக்கும் செல்ஃப்

கேள்வி: எங்கள் ஐயா 1990களில் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடரை இன்றும் ஓட்டி வருகிறோம். காலையில் வீட்டில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடித்து வந்து திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டுமே கேட்கிறது, ஹெட்லைட் மங்குவதில்லை. முக்கால் மணி நேரம் பொறுத்தால் எடுத்துவிடுகிறது. பேட்டரியை மாற்றியாயிற்று, இப்போது செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஹெட்லைட் மங்குவதில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. பேட்டரி இறங்கியிருந்தாலோ டெர்மினல் தளர்ந்திருந்தாலோ சாவியைத் திருப்பும் நொடியில் விளக்கும் சேர்ந்து மங்கியிருக்கும். விளக்கு அப்படியே எரிகிறதென்றால் பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். எங்கே தடைபடுகிறது என்பதைக் கோளாறு வெளிப்படும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் காண முடியும். ஆறிய வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் ஊகித்துத்தான் சொல்வார். ஆகவே காரைக்குடி வரை ஓட்டிச் சென்று, எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் விட்டு, கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகு, எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு பார்க்கச் சொல்லுங்கள்.

செலவே இல்லாத எர்த்திலிருந்து தொடங்கலாம். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் இருப்பதால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் பெரிய மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புவதற்கு எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் செம்புப் பட்டைதான் வழி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தப் பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருப்பதை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் பூட்ட வேண்டும். பட்டை அறுந்துபோன வண்டிகளில் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று, அந்தக் கேபிள் கைவைக்க முடியாதபடி கொதிப்பதும் உண்டு. (இத்தகைய உலோக அரிமானத்தையும் பேட்டரிகளையும் ஆராயும், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

எனினும், சூட்டில் மட்டும் மறுப்பதால் என் சந்தேகம் சோலனாய்டின் மேல்தான், அதாவது சாவியைத் திருப்பும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் செம்புச் சுருள் கொண்ட காந்தச் சுவிட்சின் மேல்தான், அதிகம் விழுகிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள் 90 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு உயர்ந்து, சோலனாய்டு இழுக்கும் பலம் அதற்கேற்பக் குறைந்துவிடும். இத்தனை ஆண்டுகள் தேய்ந்த இக்னிஷன் சுவிட்சும் மெல்லிய பழைய வயரும் நடுவில் ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால், காலையில் சமாளித்த சோலனாய்டு மதியத்தில் பாதி தூரம் நகர்ந்து 'டக்' என்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது சோலனாய்டின் சின்ன டெர்மினலில் வோல்ட்டேஜைப் பார்த்தால், பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைகிறதா என்பது தெரிந்துவிடும். குறைந்தால் செல்ஃப் மோட்டாரைத் தொடவே வேண்டாம். ஒரு ரிலேயும் (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த வயரும் போட்டால் போதும்.

அங்கே வோல்ட்டேஜ் முழுதாக வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் அதைக் கழற்ற வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மரக்கட்டையால் மோட்டார் உடலில் லேசாகத் தட்டி, உடனே சுற்றினால் கார்பன் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் பிரஷ்) தேய்ந்திருக்கிறது. கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடச் சொல்லுங்கள். கார்பன், புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்), சோலனாய்டின் உள் காண்டாக்ட் ஆகியவற்றை மட்டும் மாற்றிப் பழைய மோட்டாரையே காப்பாற்ற முடியும்.

கேள்வி: என் பழைய டீசல் ஜீப்பில் சில நேரம் செல்ஃப் 'கர்ர்' என்று அரைக்கிறது, எஞ்சின் சுற்றுவதில்லை. என்ன காரணம்?
- வாசகர், தேவகோட்டை

பதில்: டாப் கியரில் போட்டு வண்டியை ஓரடி முன்னே தள்ளுங்கள். பிறகு நியூட்ரலுக்கு மாற்றித் திருப்பியதும் எடுத்தால், ஃப்ளைவீலின் ரிங் கியர் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தின் விளிம்பிலுள்ள பல் வளையம்) பல் தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணைக்கும்போது பெரும்பாலும் அதே இரண்டு இடங்களில்தான் நிற்கும் என்பதால் பல்லும் அங்கேதான் தேயும். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை என்றாலும் ஃப்ளைவீல் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. ரிங் கியரை மட்டும் சூடாக்கிப் புதிதாக ஏற்றலாம். அதோடு செல்ஃபின் பெண்டிக்ஸ் (ரிங் கியரோடு கோத்து அதைச் சுற்றும் சிறு கியர்) பல்லையும் பார்த்துவிடுங்கள்; அது மழுங்கியிருந்தால் புது ரிங் கியரையும் சீக்கிரமே தின்றுவிடும்.