சும்மா கிடக்கும் ஆலைகள்

கேள்வி: மூடப்பட்டுச் சும்மா கிடக்கும் ஆலைகளைக் கலைக்கூடங்களாக மாற்றுகிறார்களே, இதனால் அவற்றின் வரலாறு பிழைக்குமா? அங்கே நுழைவுக் கட்டணம் வாங்கலாமா?

பதில்: சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? சும்மா இருப்பது சித்தர்களே படாதபாடு பட்டுக் கற்ற வித்தை. இரும்பு உருக்காலைக்கு அவ்வளவு சுலபத்தில் வந்துவிடுமா? ஜெர்மனியின் டுயிஸ்பர்க்கில் 1985-இல் உலை அணைந்த பிறகும் மண்ணுக்குள் நஞ்சு தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆலையைப் பூங்காவாக்கிய நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் உலைகளை இடிக்கவில்லை. பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். ஜனங்கள் அதில் முக்குளிக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கூடங்களில் உள்ள பயம் வேறு. நவீன சிற்பத்தைப் பற்றி நான் எழுதியதற்கு வரிசையாக வசவுக் கடிதம் போட்ட அன்பர்கள் மறுபடி பேனாவை எடுக்கலாம். மூலையில் துருப்பிடித்த வால்வு ஒன்று நிற்கிறது. ஆலையின் மிச்சமா, போன மாதம் வைத்த சிற்பமா? பக்கத்தில் பெயர் அட்டை இருந்தால் சிற்பம். அட்டை விழுந்துவிட்டால் போச்சு! ஒருவர் அதன் முன் லயித்து நிற்பார், இன்னொருவர் அதில் பையை மாட்டுவார். காவலாளி யாரை அதட்டுகிறார் என்று பார்த்துத்தான் நாம் கலையை ரசிக்க வேண்டும். தீயணைப்புக் கருவியை மூன்று கோணத்தில் படம் எடுப்பவரை அவர் அதட்டுவதில்லை, பாவம் என்று விட்டுவிடுகிறார். வால்வாவது ஒரு காலத்தில் நீராவியை அடக்கியது.

வரலாற்றுக்கு வருவோம். லண்டனில் பாங்க்சைடு மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடம் ஆனது. உள்ளே இருந்த இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள். டர்பைன் போயிற்று, 'டர்பைன் ஹால்' என்ற பெயர் மட்டும் தங்கியது. ரோமில் நேர்மாறு. 1997-இல், புதுப்பிப்பு வேலை நடந்த அருங்காட்சியகத்தின் பளிங்குச் சிலைகளைத் தற்காலிகமாக மோன்டெமார்ட்டினி என்ற பழைய மின்நிலையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ராட்சத டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் தேவதை. ஜோடிப் பொருத்தம் அமோகமாக இருந்ததால் அங்கேயே குடித்தனம் நிலைத்துவிட்டது. அங்கே எஞ்சினைப் பார்க்காமல் சிலையைப் பார்க்க முடியாது. என் ஓட்டு ரோமுக்கு.

எஞ்சினும் வரலாற்றில் பாதிதான். ஜெர்மனியின் எஸ்ஸெனில் 1986-இல் மூடிய சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை, அதில் வேலை பார்த்தவர்களே சுற்றிக்காட்டுவதுண்டு. காதைப் பிளக்கும் சத்தத்தை எந்தக் கட்டடக் கலைஞர் பாதுகாத்துத் தருவார்? அனுபவித்த ஆள்தான் சொல்ல வேண்டும். இவர்களை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் மெருகேற்றுகிறவர்கள் திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயரைப் பொறிப்பார்கள் என்பது என் நிரந்தரப் புலம்பல். வாசகர்களுக்கு மனப்பாடம்.

'சும்மா'வுக்குச் சரியான பதில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கிடைத்தது. பீப்பாய் செய்த பழைய ஆலை ஒன்றைப் பார்க்க கட்டடக் கலைஞர் லினா போ பார்டி ஒரு சனிக்கிழமை போனபோது, ஒழுகும் கூரைக்கடியில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் உலாத்திக்கொண்டிருந்தன. இதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்து, கொட்டகைகளை வைத்துக்கொண்டே வேலை செய்தார். 1982-இல் கலைக்கும் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமான கூடமாகத் திறந்தார்கள்.

கட்டணமா? அங்கே உழைத்தவர்களுக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இலவசம். மற்றவர்களிடம் கொஞ்சம் வாங்கலாம். இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களிடம் இரட்டிப்பு.