கால்வாய்க்கு நிலத்தின் ஒரு பகுதி மட்டும் போனால் இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

எடுத்த பரப்பை விலையால் பெருக்கினால் கணக்கு முடிந்துவிடாது. மிச்ச நிலத்தின் மதிப்பு குறைவதையும் சேர்க்க வேண்டும். துணியின் ஓரத்தில் வெட்டினால் மீதி உதவும். நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் சட்டைக்கு ஆகாது.

4 ஏக்கரின் குறுக்கே கால்வாய் அரை ஏக்கரை எடுக்கிறது என்று வையுங்கள். திட்டத்துக்கு முன் முழு நிலத்தின் மதிப்பு 100 பங்கு, பிறகு மீதியின் மதிப்பு 70 என்றால் இழப்பு 30. பரப்பு விகிதப்படி வரும் 12.5 அல்ல.

ஏன் இவ்வளவு? கிணறு ஒரு கரையில், வயல் மறுகரையில். பாலம் இல்லையென்றால் டிராக்டர் சுற்றிப்போக வேண்டும். முக்கோணமாக நிற்கும் துண்டில் ஏர் திருப்ப இடமிருக்காது. மழைநீர் வடியும் வழி அடைபட்டுக் கரையோரம் தேங்கும். கசிவில் வேர் அழுகும்.

பெரும்பாலும் தவறு நடப்பது 'முன்' மதிப்பில்தான். திட்டச் செய்தி பரவியபின் நடந்த விற்பனைகளை ஒப்பிடக் கூடாது, அவற்றில் திட்டத்தின் தாக்கம் ஏற்கெனவே கலந்திருக்கும். தோண்டுவதற்கு முன்பே கிணற்று நீர்மட்டம், மரங்கள், வாய்க்கால் மடைகள் எல்லாவற்றையும் தேதியோடு பதிவு செய்துவிடுங்கள்.

கால்வாய்க்குப் பதிலாகக் குழாய் மண்ணுக்கடியில் போனால் இழப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் மேலுள்ள நிலப்பட்டையில் பொதுவாக வீடு கட்டவோ ஆழவேர் மரம் நடவோ முடியாது, அந்தத் தடைக்கும் ஈடு கேட்கலாம்.