பழைய புரோட்டோன் வீரா ஆட்டோ கியர் கார்: கியர் எண்ணெய் அதிகமா, குறைவா?

வணக்கம் அண்ணே. காலையில் கியர் லீவரை D-இல் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் வண்டி தாமதமாக நகர்கிறது, டிப்ஸ்டிக்கில் (அளவுக் குச்சியில்) கியர் எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறது, பட்டறையில் கொஞ்சம் எண்ணெயை இறக்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்பட்டு இறக்காதீர்கள். எஞ்சின் நிற்கும்போது பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். எஞ்சினோடு பம்பு ஓடினால்தான் டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குத் தரும் பாகம்) எண்ணெய் ஏறி, உண்மை அளவு தெரியும்.

பினாங்கில் உங்கள் பாயா தெருபோங் ஃபிளாட் சரிவிலும் பார்க்க வேண்டாம். பாயான் லெப்பாஸ் வரை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை P (பார்க்கிங்) முதல் L (லோ கியர்) வரை மெதுவாக நகர்த்தி N-இல் (நியூட்ரல்) விடுங்கள். வீராவில் இருப்பது மிட்சுபிஷி வழி கியர்பாக்ஸ், அதற்கு N. பழைய டொயோட்டாவுக்கு P, ஹோண்டாவுக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு. (எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்!) எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். HOT கோடுகளுக்குள் இருந்தால் சரி.

குறைந்தால் SP-III என்ற ஆட்டோ கியர் எண்ணெயைக் கால் லிட்டருக்கும் குறைவாக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். இந்த எண்ணெய் எரிந்து குறையாது. எனவே டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சீல், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் ஹோஸ் பக்கம் கசிவைத் தேடுங்கள். அளவு சரியாக இருந்தும் கருகல் வாடை வந்தால், அப்புறம் ஆட்டோ கியர் மட்டும் பார்க்கும் பட்டறைதான்.