பிரௌசரில் தொடங்குங்கள், மின்னஞ்சலைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என் மின்னஞ்சல், பிரௌசர், படங்கள், அரட்டை எல்லாமே இரண்டு பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. தனியுரிமையை மதிக்கும் மென்பொருள்களுக்கு மாற நினைத்து, ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றினேன். பத்தே நாளில் பழையதற்குத் திரும்பிவிட்டேன். இன்காக்னிட்டோவும் விபிஎன்னும் போதும் என்கிறார் ஒரு நண்பர். நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் என்றாலே பாதுகாப்புதான் என்கிறார் இன்னொருவர். நான் எதை முதலில் மாற்றுவது?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருள்களில் குறை இருந்திருக்காது, வரிசைதான் தவறியிருக்கிறது. பிரௌசரை மாற்ற யாருடைய சம்மதமும் தேவையில்லை. அரட்டைச் செயலியை மாற்ற எதிரில் இருப்பவரும் மாற வேண்டும். மின்னஞ்சலை மாற்றினாலோ, உங்கள் முகவரியைக் குறித்து வைத்திருக்கும் அத்தனை இடங்களையும் தேடிப் போக வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால் யாராக இருந்தாலும் களைத்துப் போவார்கள்.

ஆகவே முதலில் பிரௌசர். பயர்பாக்ஸை நிறுவி, பழைய பிரௌசரில் உள்ள புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் அதற்குள் கொண்டுவர அரை மணி நேரம் போதும். குக்கீ என்பது உங்களை அடையாளம் காண ஒரு தளம் பிரௌசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. 2022 முதல் பயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடுகிறது. ஒரு தளத்தில் உங்களுக்கு ஒட்டிய அடையாளத்தை வைத்து, விளம்பர நிறுவனம் அடுத்த தளத்தில் உங்களைக் கண்டுபிடிப்பது அதனால் கடினமாகிறது. கூடவே, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியை (பிரௌசரோடு இணைக்கும் சிறு மென்பொருள்) சேருங்கள். குரோமின் புதிய நீட்சி விதிகளால் அதன் முழு வடிவம் அங்கே இயங்குவதில்லை, சுருக்கப்பட்ட லைட் வடிவம்தான் கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழு வடிவமே ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும்கூட. ஏதாவது ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லையென்றால் அதற்கு மட்டும் பழைய பிரௌசரைப் பயன்படுத்துங்கள். அதைத் தோல்வி என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்காக்னிட்டோ என்பது பிரௌசரில் தனியாகத் திறக்கும் ஒரு சாளரம். அது உங்கள் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் நீங்கள் வந்துபோவது தெரியும். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததால்தான் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்கே நடந்தது. 2024-இல் சமரசம் செய்துகொண்டு, சேர்த்து வைத்திருந்த பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. விபிஎன், உங்கள் இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. அது, இணைப்பு தருபவர் மீது வைத்திருந்த நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்தின் மீது மாற்றி வைக்கிறது. அதை ஓடவிட்டுக்கொண்டே உங்கள் கணக்கில் லாகின் செய்தால், அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியத்தான் செய்யும்.

ஓப்பன் சோர்ஸைப் பற்றி உங்கள் இன்னொரு நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2014-இல் வெளிச்சத்துக்கு வந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, இணையத் தொடர்புகளைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எல்லோரும் படிக்கக்கூடிய நிரலில் இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. 2024-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, நோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அடிவரை போக முடிந்தது. திறந்த நிரல் என்றால் சரிபார்க்க முடியும் என்று பொருள். யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று பொருளில்லை. ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்க பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி செயலியைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது எல்லாவற்றையும் உங்கள் கருவியில் ஒரே கோப்பாக வைக்கும். அதற்கு நகல் எடுக்க மறந்தால் அத்தனையும் போய்விடும்.

அரட்டையில் உறவினர் அத்தனை பேரையும் இழுக்கப் பார்க்காதீர்கள். வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி முழு மறையாக்கம் செய்கிறது, அதுவும் தனியுரிமைக்குப் பேர்போன சிக்னல் என்ற அரட்டைச் செயலியின் முறையைக் கொண்டே. நீங்கள் எழுதியதை நிறுவனம் படிக்க முடியாது. யாரோடு, எப்போது பேசுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: அமைப்புகளில் பேக்கப்புக்கான மறையாக்கத்தை இயக்குங்கள். அது அணைந்திருந்தால், போனில் பூட்டிய அதே செய்திகளின் நகல் கிளவுடில் அந்தப் பூட்டு இல்லாமல் கிடக்கும். சிக்னலிடம் 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று பயனர் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுக்க வேறெதுவும் இல்லை. எனக்கு இந்தச் சான்று எந்த விளம்பர வாசகத்தையும்விடப் பெரியது. நெருக்கமான இருவர், மூவரை மட்டும் அங்கே அழைத்துப் பாருங்கள். டெலிகிராமின் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முழு மறையாக்கம் கிடையாது, ரகசிய உரையாடலுக்கு மட்டுமே உண்டு. இது தெரியாமல் அதை நம்பி எழுதுபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து வேறொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுத முடிகிறதே, அரட்டையில் ஏன் அது முடியவில்லை? மின்னஞ்சல் 1982 முதல் எஸ்எம்டிபி என்ற பொது நெறிமுறையில், அதாவது யாரும் பின்பற்றக்கூடிய பொது விதிகளில் ஓடுகிறது, அதற்கு உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை. அரட்டைக்கும் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறை இருந்தது. கூகுளின் பழைய அரட்டைச் சேவையான கூகுள் டாக் அதைத்தான் பயன்படுத்தியது. 2013-இல் கூகுள், ஹேங்அவுட்ஸ் என்ற தன் புதிய அரட்டைச் சேவைக்கு மாறி அதைக் கைவிட்டபோது, வேறு சர்வர்களில் இருந்த நண்பர்களோடு இருந்த தொடர்பு அறுந்தது.

மின்னஞ்சலில் அந்தச் சுதந்திரம் இன்னும் மிச்சமிருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, முகவரியை அதில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தச் சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது, யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், எந்தச் சேவை என்பதைவிட இதுவே முக்கியம். வங்கி, அரசுக் கணக்குகளில் புது முகவரியை முதலில் கொடுங்கள். பழைய முகவரிக்கு வருபவற்றை ஒரு வருடமாவது புதியதற்குத் திருப்பிவிடுங்கள், கணக்கை மூட அவசரப்பட வேண்டாம். டொமைனின் புதுப்பிப்புத் தேதியை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். அது காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால், உங்களுக்கு வரும் கடிதங்களும் பாஸ்வேர்டை மீட்க வரும் இணைப்புகளும் அவர் கைக்குப் போகும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை வாங்கும் நாளிலேயே இயக்கிவிடுங்கள்.