முழங்காலில் நிற்கும்போது தங்கையின் முகம்

கேள்வி: தினமும் மூன்று, நான்கு அதிகாரம் என்று வாசித்து இந்த வருடம் வேதாகமத்தை முழுவதும் முடித்தேன். ஆனாலும் ஜெபம் வறண்டு கிடக்கிறது. முழங்கால் போட்டாலே தங்கையின் முகம்தான் வருகிறது. அம்மா படுக்கையில் இருந்தபோது அவளை நான் பேசிய பேச்சால் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஜெபத்தைக் கெடுக்கப் பிசாசு செய்கிற வேலையா இது?

பதில்: அன்புச் சகோதரி, 1,189 அதிகாரங்களையும் வாசித்து முடிப்பது சின்ன விஷயமில்லை, சந்தோஷம். ஆனால் அந்த முகத்தைப் பிசாசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மத்தேயு 5:23, 24ஐ ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' காணிக்கை செலுத்தும் இடத்தில் நினைவு வந்தால் என்றுதான் இயேசு ஆரம்பிக்கிறார். குறை அவனுக்கு, அதுவும் நம்பேரில். நினைவு வருகிற இடமோ பலிபீடம். உங்களுக்கு நடப்பதும் அதேதான், இல்லையா?

அதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் மேல். நடந்தே வந்தவன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சகோதரனோடு ஒப்புரவாகி, மறுபடியும் வரவேண்டும் என்றால் எத்தனை நாள் நடை! தேவன் அத்தனை நாளும் காத்திருக்கிறேன் என்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, எப்படிப் போவது? நானும் என் அண்ணனுக்கு இப்படி ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியதில் மன்னிப்பு ஒரு வரி, அப்புறம் 'ஆனால் நீயும் அன்றைக்கு' என்று ஆரம்பித்து ஏழெட்டு வரி. ராத்திரி முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்தபின் 'ஆனால்' தொடங்கி கடைசிவரை அழித்தேன். மிஞ்சிய அந்த ஒரு வரியை அனுப்பத்தான் கை நடுங்கியது. நீங்களும் பேசிய வார்த்தையை அப்படியே சொல்லி, அது தப்பு என்று மட்டும் எழுதுங்கள். 'நீ வருத்தப்பட்டிருந்தால்' என்றெல்லாம் வேண்டாம், அவள் வருத்தப்பட்டாள் என்று உங்களுக்கே தெரியும்.

உடனே பதில் வரும் என்று நான் சொல்லமாட்டேன். தன்னை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன தம்பி யாக்கோபை அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி யாக்கோபு பயந்துபோய் ஆற்றங்கரையில் தனியாக நின்றான், அவன் போய்த் தங்கிய தாய்மாமன் லாபான் வீட்டில் மட்டுமே 20 வருடம் ஓடியிருந்தது. தங்கைக்கும் நேரம் வேண்டியிருக்கலாம், அவளை நெருக்காதீர்கள். பவுலும் ரோமர் 12:18இல் 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்றுதான் எழுதுகிறார். அவள் பங்கு அவள் கையில் இருக்கிறது.

மறுபடியும் ஆதியாகமத்திலிருந்து தொடங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு இரண்டு வாரம் ஆதியாகமம் 32, 33 மட்டும் போதும். அண்ணனைப் பார்த்ததும் உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல இருக்கிறது என்று யாக்கோபு சொல்கிற இடம் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு, தங்கையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். வறட்சியாக இருந்தாலும் பரவாயில்லை, அவள் பெயரைச் சொல்லுங்கள்.